கண்டால் தெரியாதவர்

1995 மே மாதத்து நாட்குறிப்பில் அவரைப் பற்றிய முதல் வரி இப்படி இருக்கிறது: "லிஃப்ற்றில் ஒரு தமிழ் அம்மா. வணக்கம் சொன்னேன். பதில் இல்லை."

ஸ்காபரோவில் அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்களுடையது ஐந்தாம் மாடி, அவருடையது பத்தாம் மாடி. வயது ஐம்பது மதிக்கலாம். சாம்பல் நிற மழைக்கோட்டு, தோளில் துணிப்பை, தடித்த சட்டம் போட்ட கண்ணாடி. லிஃப்ற்றில் ஏறியதும் கதவுக்கு மேலே மாறும் எண்களை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். தன் மாடி வரும்வரை கண்ணை அங்கிருந்து எடுக்க மாட்டார்.

அதே கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருந்த என் அக்காவுக்குத்தான் எல்லா வீட்டுக் கதையும் தெரியும். அவளிடம் கேட்டேன்.

"உவவோ? உவ மிஸியெல்லே," என்றாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். "ஊரில மிட்வைஃபா இருந்தவ. இஞ்ச டவுண்டவுனில ஏதோ கிளினிக்கில வேலையாம். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமெண்டு ஒருத்தரோடயும் கதைக்கமாட்டா. பெருமை."

அக்கா ஒருநாள் லிஃப்ற்றுக்குள் வைத்து நேரேயே கேட்டுவிட்டாள். "என்ன மிஸி, எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியேல்லைப் போல?"

"கண்ணாடி மாத்தோணும் பிள்ளை," என்றார் அவர், எண்களைப் பார்த்தபடியே. "நம்பர் கூடிப்போச்சு."

அடுத்த கிழமையே அது பொய் என்று கண்டுகொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்த காலை. பஸ் தரிப்பில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சீன மூதாட்டி. இரண்டு சமிக்ஞை விளக்குகளுக்கு அப்பால் ஒரு பஸ் வந்தது. எனக்கு அதன் நிறம்கூடத் தெரியவில்லை. மிஸி மூதாட்டியின் கையைத் தட்டி, அது அவருடைய பஸ் இல்லை, அடுத்ததுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னபடிதான் இருந்தது. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். சீன மூதாட்டியோடு கதைப்பார். வாசலில் நிற்கும் ஜமேக்காக்காரக் காவலாளியோடு உரக்கச் சிரிப்பார். தமிழர்கள், அதிலும் தமிழ்ப் பெண்கள்தான் அவருடைய கண்ணுக்குத் தெரியாதவர்கள்.

1996 ஜூன் மாதம், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் கண்டது இன்னும் விளங்காமல் இருந்தது. சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "மிஸி! என்னைத் தெரியுதோ?" அவளுடைய கண் கலங்கியிருந்தது. பின்னால் அவளுடைய மாமியார் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்துகொண்டிருந்தார். மிஸி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "இல்லை பிள்ளை, வேற ஆரையோ நினைச்சுக் கதைக்கிறியள்," என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உந்த வடையில ரெண்டு எடுத்து வையுங்கோ," என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வசனம். அந்தப் பெண் முகம் கறுத்துப்போய் நின்றாள். எனக்கு மிஸியின் மேல் கோபம் வந்தது. நாட்குறிப்புக் கொப்பியில் "இரக்கமில்லாதவர்" என்று எழுதியிருக்கிறேன்.

அந்தக் கொப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1978இலிருந்து நாள் தவறாமல் எழுதி வருகிறேன். ஒரு பதிவு பிழை என்று பின்னால் தெரிந்தால் அடித்து எழுதமாட்டேன். ஓரத்தில் சிவப்பு மையால் சரியானதை எழுதி, திருத்தியவர் யார் என்று பெயரையும் போடுவேன். என் மனைவி எதற்கும் நாள் நினைவு வைத்திருப்பதில்லை. பிள்ளைகளின் தடுப்பூசி நாள் தொடங்கி எல்லாவற்றுக்கும், "உங்கட கொப்பியைப் பாருங்கோ," என்பாள்.

1997 ஒக்டோபரிலும் அதைத்தான் சொன்னாள்.

அப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மகன் வயிற்றைக் கீறித்தான் பிறந்தான். புண் பழுத்து மனைவி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு ஒப்பரேசன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவாள். இந்த நிலையில் மூன்றாவது தங்கிவிட்டது. நன்றி நவிலல் விடுமுறைத் திங்கட்கிழமை, பிள்ளைகள் ரிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாண் பேக்கரி வேலையால் காய்த்துப்போயிருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னால ஏலாது. இன்னொண்டு ஏலாது. மருந்துக் குளிசையால செய்யிற முறை வந்திருக்காம். வெட்டுக்கொத்து இல்லை. வெள்ளனப் போனாத்தான் சரியாம்."

நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் இருக்கவில்லை. சுமப்பவள் அவள்.

அவளுக்குப் பகல் வேலை, எனக்குப் பின்னேர வேலை. அதனால் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நான்தான் போன் எடுத்தேன். ஓர் ஆங்கில நேர்ஸ் பேசினாள். தமிழ் என்றதும் இன்னொருவரை லைனில் இணைத்தாள். விலாசம் சொன்னேன்.

"அந்தக் கட்டடமோ," என்றது குரல். "தம்பி, நான் பத்தாம் மாடி. இனி லிஃப்ற்றில கண்டா நான் உங்களைத் தெரியாது. உங்கட மனுசியையும் தெரியாது. நீங்களும் அப்பிடியே இருக்கோணும். விளங்குதோ?"

எனக்கு அப்போதுதான் இரண்டு வருடக் குழப்பம் ஒன்று தீர்ந்தது. கிளினிக்குக்குப் போனவளுக்கு வணக்கம் சொல்லாமல் மற்றவளுக்குச் சொன்னால், யார் போனவள் என்று அக்கா மாதிரியானவர்கள் ஒரே மாதத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் அவருக்கு எவரையுமே தெரியாது. அந்தக் கைக்குழந்தைக்காரியையும் அக்காவையும் ஒரே மாதிரித் தெரியாது.

"காரணம் எனக்கு வேண்டாம். நாளைச் சொல்லுங்கோ," என்றார். "கடைசியா மாதவிடாய் வந்தது எண்டைக்கு?"

கொப்பி மடியில் விரிந்திருந்தது. "செப்டம்பர் அஞ்சு, வெள்ளி. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போன நாள்," என்றேன். மனைவி சொன்ன அடையாளம் அதுதான், 'கோயிலுக்குப் போன வெள்ளி.' அவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நேர்ஸ் ஏதோ எண்ணிப் பார்த்தாள். அந்தக் கிளினிக்கில் ஏழு கிழமை, அதாவது நாற்பத்தொன்பது நாள் வரைக்கும்தான் குளிசை முறை. அதற்கு மேலே போனால் ஒப்பரேசன்தான். ஒக்டோபர் 23, வியாழன், இடம் இருக்கிறது என்றாள். செப்டம்பர் ஐந்திலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டாவது நாள். போதும்.

போனை வைத்த பிறகு கொப்பியைப் பார்த்தேன். ஐந்தாம் திகதிப் பதிவு: "முழுக்கு. கோயில்." எங்கள் வீடுகளில் மாதவிடாய் வந்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. தலைக்கு முழுகிச் சாமி அறைக்கும் கோயிலுக்கும் போகத் தொடங்கும் நாள்தான் எல்லோருக்கும் கணக்கு. நானும் மாதாமாதம் அதைத்தான் எழுதி வந்தேன். அதற்கு நான்கு வரி மேலே, செப்டம்பர் ஒன்று: "தொழிலாளர் தினம். நயாகரா போக இருந்தது. இவளுக்கு உடம்பு சரியில்லை. போகவில்லை."

ஒன்றாம் திகதியிலிருந்து எண்ணினால் 23ஆம் திகதி ஐம்பத்திரண்டாவது நாள்.

போன் பேசும்போதே அந்த வரி என் கண்ணில் பட்டதா, பிறகுதான் பட்டதா? எவ்வளவோ யோசித்துவிட்டேன். தெரியவில்லை. பட்ட பிறகு போனைத் திரும்ப எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். வேலைக்குப் போய்விட்டேன்.

புதன் காலை போன் அடித்தது. பத்தாம் மாடிக் குரல்.

"தம்பி, நேற்றுச் சொன்ன நாள், வந்த நாளோ, முழுகின நாளோ?"

"வந்த நாள்தான்," என்றேன். அவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

"வந்த நாளில கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்களோ?"

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது. பிறகு, "சரி தம்பி," என்று வைத்துவிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று எழுத முயன்றிருக்கிறேன். அந்த நாளின் பதிவில் "சரி தம்பி" என்ற இரண்டு சொல் மட்டும்தான் இருக்கிறது.

அன்று எனக்கு வேலை இல்லை. பின்னேரம் மனைவி வந்த பிறகு மறுபடி போன். இந்த முறை அவளைக் கேட்டார்கள். "ஓம்... ஓம்... சரி மிஸி... ஓம்," என்றாள் இவள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளை முந்திப்போட்டினம். நாளையிண்டைக்கு, வெள்ளி." நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "சாப்பிடுங்கோ, ஆறுது," என்றாள்.

கிளினிக்குக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் நாலைந்து பேர் பெரிய படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் தெருமுனையில் இறங்கியதும் மிஸி குடையை விரித்தபடி வந்து மனைவியின் முகம் மறையச் சரித்துப் பிடித்தார்.

"மழை இல்லையே," என்றேன் நான்.

"வரும்," என்றார்.

உள்ளே அவர் வேறு ஆள். நேராகக் கண்ணைப் பார்த்தார், சிரித்தார், என் மனைவியின் தோளில் கை வைத்து, "என்ன பிள்ளை, காலமை சாப்பிட்டனீரோ?" என்றார். நான் அவருடைய கண்ணாடியைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார். "இஞ்ச எனக்குக் கண் நல்லாத் தெரியும் தம்பி." அது பகிடியா, வேறேதுமா?

"நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. எல்லாரையும் முதல்ல தனியத்தான் கேக்கிறது," என்று கதவைச் சாத்தினார்.

இருபது நிமிடம். உள்ளே என் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சுவரில் இருந்த அறிவித்தல்களை ஒரு சொல்லும் ஏறாமல் மூன்று தடவை வாசித்தேன். கதவு திறந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். கலியாணம் கட்டிய புதிதில் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மருந்து எழுதும் உரிமை டொக்டருக்கு மட்டும்தான். அவர் வந்தார், ஸ்கான் படத்தைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்து வைத்தார், போனார். என் மணிக்கூட்டில் ஆறு நிமிடம். மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் அந்த வெள்ளைக்கார நேர்ஸும் மிஸியும்தான். குளிசை முறை என்றாலும் முதலில் ஊசிதான்; நேர்ஸ் அதைப் போட்டாள். ஐந்தாம் நாள் வீட்டில் வைக்க வேண்டிய குளிசைகளைத் தந்தாள். மிஸி ஒரு தாளில் கட்டங்கள் கீறினார். எந்த நாள் எது, எவ்வளவு நோகும், எவ்வளவு இரத்தம் போகும், எவ்வளவு போனால் பயம். "ஒரு மணித்தியாலத்தில ரெண்டு பாட் முழுசா நனைஞ்சு, அடுத்த மணித்தியாலமும் அப்பிடியே எண்டால் யோசிக்கிறேல்லை, நேர ஹொஸ்பிட்டல். மற்றும்படி பயமில்லை. திருப்பிச் சொல்லும் பாப்பம்." மனைவி திருப்பிச் சொன்னாள். ஒரு பிழை வந்தது. "இன்னொருக்கா," என்றார்.

நேர்ஸ் ஊசி போடும்போது மிஸி தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்ததைக் கவனித்தேன். பிறகு அவரே சொன்னார்: "பதினாலு வருசம் பிள்ளை பெறுவிச்ச கை. இஞ்ச உதுக்கு ஒண்டையும் தொட உரிமையில்லை, கதைக்கத்தான் விட்டிருக்கினம்." அந்த ஆண்டுகளில்தான் ஒன்ராறியோவில் மருத்துவமாதுகளைச் சட்டப்படி ஏற்கத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய சான்றிதழ்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. "நாள் நாளெண்டு நான் ஏன் சாகிறன் தெரியுமோ?" என்றார், மனைவிக்குச் சொல்வதுபோல. "ஊரில இதுக்குச் சட்டமில்லை. எங்கையோ போய், எதையோ குடிச்சு, எல்லாம் பிந்தித்தான் என்னட்டை வருவினம். காய்ச்சலோட வருவினம். சிலபேர் திரும்பிப் போகேல்லை." சொல்லிவிட்டுக் கட்டங்களை மறுபடி எண்ணினார்.

22ஆம் திகதி, புதன். நான் வேலைக்குச் சுகவீனம் என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். காலை ஒன்பதுக்குக் குளிசை. பதினொன்றரைக்கு வயிற்று நோ தொடங்கியது. சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் அணைத்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கொப்பியும் பேனையுமாகக் கதவடியில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மிஸி கிளினிக்கிலிருந்து எடுத்தார்.

"நேரம் எழுதிறியளோ தம்பி?"

"ஓம்."

"இதைச் சரியா எழுதுங்கோ."

அது ஏச்சா, நம்பிக்கையா? அன்று முழுக்க அதே யோசனை. ஆனால் சரியாக எழுதினேன். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எடுத்தார். இரண்டு தடவையும் அவர் கேட்டவற்றுக்கு நிமிடக் கணக்கோடு சொன்னேன். மூன்று மணிக்கு ஒரு பாட் நிறைந்தது. நான்குக்கு அதற்கும் குறைவு. "நல்லது. இனிக் குறையும்," என்றார். குறைந்தது. அடுத்த கிழமை இரத்தம் சோதித்துவிட்டு, முடிந்தது, பிழையொன்றும் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு லிஃப்ற்றில் எத்தனையோ தடவை அவரும் என் மனைவியும் ஒன்றாகப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கழுத்தை நிமிர்த்தி, ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் பின்னால் நிற்பேன். அந்த இரண்டு பின்கழுத்துகளுக்கும் இடையில் இருந்த ஏதோவொன்றுக்குள் எனக்கு இடம் இல்லை. இவளுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? மிஸி ஒருமுறை முறைத்துப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோருக்கும் நிழலாக இருந்த அவருடைய அந்தப் பழக்கம் எனக்கு மட்டும் வெயிலாக அடித்தது.

1999 ஏப்ரலில் அக்கா வந்து சொன்னாள்: "மிஸி அஜக்ஸில வீடு வாங்கிப்போட்டாவாம். சனிக்கிழமை போறாவாம். போகேக்கையாவது பல்லைக் காட்டுவாவோ பாப்பம்."

அக்கா போன பிறகு மனைவி வெங்காயம் வெட்டியபடி, "பாவம் அவ," என்றாள். "அவவும் நீங்களும் இல்லாட்டி நான் அண்டைக்கு ஒப்பரேசனுக்குத்தான் போயிருப்பன்."

"நானோ?"

"பின்ன? நீங்கள்தானே அடுத்தநாளே அவவோட கதைச்சு, அது முழுகின நாள் எண்டு திருத்தினது. அவதான் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னவ, 'உம்மட மனுசன் கவனமான ஆள் பிள்ளை, பயப்பிடாதையும்' எண்டு." கத்தி நிற்கவில்லை. "எனக்கு அதுவரைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. உங்களுக்கு விருப்பமில்லையோ எண்டு. அதுக்குப் பிறகுதான் நிம்மதியா ஊசி போட்டனான்."

நான் உப்புப் போத்தலை எடுத்து, காரணமில்லாமல் இடம் மாற்றி வைத்தேன்.

எதற்காக அப்படிச் சொன்னார்? ஐந்து நாள் கழித்து அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவன் நான் என்பதாலா? என்னைக் காப்பாற்றவா? இல்லை, ஆயுள் முழுவதும் நான் சுமக்கட்டும் என்றா? என் மனைவி பயமில்லாமல் கையை நீட்டுவதற்கு எது தேவையோ அதைச் சொன்னார், நான் அவருடைய கணக்கிலேயே இல்லை என்பதும் சாத்தியம். அதுதான் உண்மை என்று சில நாட்களில் தோன்றும். அந்த நாட்கள்தான் மோசமானவை.

சனிக்கிழமை காலை நானே பத்தாம் மாடிக்குப் போய் நின்று அவரோடு லிஃப்ற்றில் ஏறினேன். அவரும் நானும் மட்டும். காலடியில் இரண்டு பெட்டி. அவர் எண்களைப் பார்த்தார். பத்து. ஒன்பது. இவ்வளவு காலமும் ஒத்திகை பார்த்த வசனத்தைத் தொடங்கினேன்.

"மிஸி, அண்டைக்கு நான் சொன்னது..."

எட்டு.

"தம்பி," என்றார் அவர், எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்கள் எத்தினையாம் மாடி?"

நான்கு வருடம். என் வீட்டு எண், போன் எண், என் மனைவியின் உடம்பு எல்லாம் தெரிந்தவர்.

"அஞ்சு," என்றேன்.

கையை நீட்டி ஐந்தை அழுத்தினார். லிஃப்ற் நின்றது. நான் இறங்கினேன். கதவு மூடும்போதும் அவர் அண்ணாந்துதான் நின்றார்.

வீட்டுக்குள் போய் 1997 கொப்பியை எடுத்தேன். செப்டம்பர் ஐந்தாம் திகதிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பு மையால் எழுதினேன்: "கிளினிக்குக்கு இந்த நாளைக் கொடுத்தது பிழை. வந்த நாள் செப்டம்பர் 1. தெரிந்துகொண்டே நான் மாற்றவில்லை. திருத்தியவர்:" அந்த இடத்தில் பேனை வெகுநேரம் நின்றது. பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. "பத்தாம் மாடி" என்று போட்டு மூடினேன்.

கொப்பி மற்றவற்றோடு அலமாரியில்தான் இருக்கிறது. அந்த அலமாரியை நான் பூட்டுவதில்லை. பிள்ளைகளின் தடுப்பூசி நாளுக்கு இப்போதெல்லாம் என் மனைவி என்னைக் கேட்பதில்லை, தானே எடுத்துப் பார்க்கிறாள்.